அலை எழுந்து நின்ற இடம்

பயிற்சிப் பள்ளி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். நீங்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அலைக்கும் கரைக்குமாக ஓடினீர்கள். நான் கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். ‘கடலில் பிறந்தவளுக்குக் கடல் சலித்துவிட்டது’ என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காரணம் சொல்ல அன்று மனம் வரவில்லை. இப்போது ஆளுக்கு ஓர் ஊரில் கையில் சுண்ணாம்புக்கட்டியோடு நிற்கிறோம். உங்களில் ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள் கூட ஆகிவிட்டன. பழங்கதை பேசும் வயது நமக்கும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்தவள் நான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அய்யா கைநாட்டு. அம்மாவுக்கும் அத்தைக்கும் செபங்கள் அத்தனையும் மனப்பாடம், ஆனால் செபப் புத்தகத்தைத் தலைகீழாகக் கையில் கொடுத்தால் அப்படியே வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

பாம்பனில் எங்கள் குடிசைகள் ரயில் பாலத்துக்குத் தெற்கே இருந்தன. பாலத்துக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். இரண்டுக்கும் நடுவே குறுகலான வாய். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும், மீதி நாள் வடக்கிலிருந்து தெற்கே. அந்த இழுப்பை எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். கடலின் ஏற்றமும் வற்றமும் சேர்ந்து அந்த நீவாட்டை ஒரே நாளுக்குள் கூட்டவும் செய்யும், சில நேரம் அடியோடு நிறுத்தியும் வைக்கும். எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக்கூட இது தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே எல்லோரும் எப்படி மறந்தோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இக்கரையில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. ஆறாம் வகுப்புக்கு அக்கரை மண்டபத்துக்குப் போக வேண்டும். ரயில் வரும் நேரமும் பள்ளிக்கூட மணியும் ஒத்து வராது. ‘போதும், இனி வலை பின்னட்டும்’ என்று அய்யா முடிவு செய்திருந்தார். என்னை வத்தை என்கிற சின்னப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனது மாமா, அத்தையின் கணவர். வலை ஏறுகிற வத்தையில் பெண் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. பள்ளி திறந்த அன்று மாமா வலையை எடுத்துக் கரையில் போட்டார், வத்தையைக் கடல் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவினார். கரையில் நின்ற பெரிய ஆட்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

“வலையத்தான் எறக்கி வச்சிட்டேன்ல. இப்ப இது வெறும் மரம். மரத்துல யாரும் ஒக்காரலாம். ஏறு ஆத்தா.”

மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. என் புத்தகங்களை வைக்க அவர் எங்கிருந்தோ ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி கொண்டு வந்து தந்தார். மூடியில் சிவப்புச் சட்டைக் குதிரைக்காரன் படம். உள்ளே எப்போதும் ஒரு இனிப்பு வாசனை வரும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே பசிக்கும். துடுப்புத் தண்டு வலிக்கும்போது மாமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார், முகம் பார்த்தபடி உட்காருவார். நான் “மாமா” என்றால் “ஏன்” என்பார். ஒன்றுமில்லாவிட்டாலும் சும்மா கூப்பிடுவேன். “மாமா.” “ஏன்.” “மாமா.” “ஏன்.” ஒரு நாள்கூட அவர் அலுத்துக்கொண்டதில்லை.

ஆவணி மாதம் ஒரு காலை, விட்ட வலையைத் தூக்க அவர் தனியாகப் போனார். வத்தை கவிழ்ந்து மிதந்து கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. எட்டு நாள் தேடினார்கள். கடல் வாயிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் அது நடந்திருக்க வேண்டும் என்று அய்யா சொன்னார்.

கடலில் போய் உடல் கிடைக்காதவருக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. அவர் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் எடுத்து வைப்போம். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கோயில் கல்லறையில் குழி எடுத்து, சாமியார் மந்திரிக்க, அந்தச் சட்டையைப் புதைப்போம். அதற்குப் பிறகுதான் அவர் இறந்தவர். அதுவரை அவர் மனைவி இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பாள். கல்யாண வீட்டுக்கும் போகக் கூடாது, இழவு வீட்டுக்கும் போகக் கூடாது. மாமாவின் சட்டை நீலக் கோடு போட்டது. அத்தை அதை மடிக்காமல் சுவர் ஆணியில் தொங்க விட்டிருந்தாள். வியர்வையும் மீனும் பீடியும் கலந்த வாசனை அந்த ஒற்றை அறையை நிறைத்திருந்தது. நான் உள்ளே போனால் மூச்சை அடக்கிக்கொள்வேன். வாசனை பிடிக்காமல் இல்லை. நான் இழுத்துக் குறைத்துவிடுவேனோ என்று பயம்.

என் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. நிறுத்த அய்யா வாய் எடுத்தார். அழுது வீங்கிய முகத்தோடு அத்தைதான் மறித்தாள். “அவரு ஆரம்பிச்சு வச்சத நீங்க நிப்பாட்டாதீக அண்ணே.” அதனால் அய்யாவும் சித்தப்பாவும் வலையை இறக்கி, வத்தையைக் கழுவி, என்னை ஏற்றினார்கள்.

புரட்டாசி பாதியில் நீவாடு திரும்பியது. வடக்குக் கடலின் தண்ணீர் வாய் வழியாகத் தெற்கே இறங்கத் தொடங்கியது. காற்று மட்டும் இன்னும் தெற்கிலிருந்துதான் அடித்தது; அலையும் அங்கிருந்துதான் வந்தது. ஒரு மாலை பள்ளி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சித்தப்பா தண்டு வலிக்க, அய்யா பின்னால் நின்று கோல் பிடித்திருந்தார். இழுப்பு எங்களை வழக்கத்தைவிடத் தெற்கே கொண்டுபோய்விட்டது.

தூரத்தில் அலைகள் நீளமாக, சோம்பலாகத்தான் வந்தன. கிட்ட வர வர ஒன்றோடொன்று நெருங்கின, சேலைக் கொசுவத்தை விரலால் சேர்த்துப் பிடிப்பதுபோல. நெருங்க நெருங்கத் தலை உயர்ந்தது. பிறகு நின்றன. அலை நின்று பார்த்திருக்கிறீர்களா? முன்னே வரவில்லை, பின்னே போகவில்லை, உடையவும் இல்லை. தலையில் வெள்ளையோடு ஒரே இடத்தில் ஆடிக்கொண்டு, கிழக்கே இருந்து மேற்கே வரிசையாக, ஆள் உயரத்துக்கு நின்றன. வரிசைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் எண்ணெய் மாதிரி வழவழப்பாக இருந்தது. அங்கிருந்து வந்த சத்தம் அலைச் சத்தம் இல்லை. பூசைக்கு முன் கோயிலில் பத்துப் பேர் முணுமுணுவென்று செபம் சொல்வார்களே, அது.

வழவழப்பாக இருந்த தண்ணீர்தான் எங்களை அந்த வரிசைக்குள் இழுத்துக்கொண்டு போனது. வத்தை குதித்தது. தண்ணீர் உள்ளே விழுந்தது. என் தகரப் பெட்டி மிதந்தது. சித்தப்பா “சேசுவே, சேசுவே” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பழக்கத்தில் வாயில் எது வந்ததோ அதைக் கத்தினேன்.

“மாமா.”

அலை அடங்கியது.

எவ்வளவு நேரம் கழித்து என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. ‘கூப்பிட்ட வாய் மூடுறதுக்குள்ள’ என்று அன்று மாலையே கரை முழுக்கச் சித்தப்பா சொன்னார். நான்கு நாளில் நானும் அப்படித்தான் நம்பினேன். அய்யா அப்போது வத்தையிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த வாரம் மறுபடி நின்றது. நான் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மூன்றாம் முறை கரையில் கூட்டம் கூடிவிட்டது. மற்ற வத்தைக்காரர்கள் நான் வரும் நேரம் பார்த்துப் பின்னாலேயே வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இடம் விட்டார்கள். ‘கடலைக் கட்டுறவ’ என்று பெயர் வைத்தார்கள். பரிகாசமாகத்தான் வைத்தார்கள், எனக்கு அது கிரீடமாக இருந்தது. சித்தப்பா கேலி செய்வார்:

“ஏ புள்ள, ஒன் மாமன்ட்டச் சொல்லி ரெண்டு நண்டும் சேத்து அனுப்பச் சொல்லு. கொழம்புக்கு ஒண்ணுமில்ல.”

கேலி செய்த அதே சித்தப்பா, அந்த வரிசை தெரிந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பாலத்தின் தூண்களுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்து நுரை வால் நீளும். இழுப்பு குறையும்போது அந்த வால் சுருங்கும். ஒரு தண்டு நீளத்துக்குச் சுருங்கிய பிறகு, ஏழாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை மனதுக்குள் சொன்னால் போதும். வரிசை தானாகக் கரைந்துவிடும். நான் கூப்பிட்டாலும் கரையும், கூப்பிடாவிட்டாலும் கரையும். ஒரு நாள் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தேன். பதினான்காம் வாய்ப்பாட்டிலேயே கரைந்தது.

நியாயமாக அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நுரை வாலைப் பார்த்து, வாய்ப்பாடு சொல்லி, சரியான நேரத்தில் எழுந்து நின்று, கையை நீட்டிக் கூப்பிட்டேன். கையை நீட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது நானாகச் சேர்த்தது.

நம் விஞ்ஞானப் புத்தகத்தில் இது அரைப் பக்கம்கூட இல்லை. எதிரே தண்ணீர் ஓடி வந்தால் அலையின் நடை குறைகிறது. பின்னால் வருவது முன்னால் இருப்பதை நெருக்குகிறது. நீளம் குறைந்த அளவுக்கு உயரம் கூடுகிறது. ஓட்டம் பலமானால் அலை அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஓட்டம் நின்றால் அலை விடுபட்டுப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்குப் பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறேன். இதெல்லாம் புத்தகம் இல்லாமலே அய்யாவுக்குத் தெரியாதா? கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். வேறு எந்த இடத்தில் நின்றாலும் ‘காத்தும் நீவாடும் மோதுது’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள். அந்த இடத்தில் எங்கள் ஆள் போயிருந்தார். அதனால் அந்த இடத்துக்கு மட்டும் வேறு கடல் என்று எல்லோரும் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள்.

அத்தை முதலில் கரைக்கு வரவில்லை. பிறகு தினமும் வந்தாள். தாழைப் புதருக்குப் பக்கத்தில் தனியாக நிற்பாள். வத்தை கரை தட்டியதும் என்னிடம் வந்து கேட்பாள்:

“ஏன்னாராத்தா?”

நான் கூப்பிட்டதற்கு மாமா ‘ஏன்’ என்றாரா என்று கேட்கிறாள். முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டாம் நாள் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அன்று மாலை அம்மா கொடுத்த கஞ்சியில் கால் பங்கு குடித்தாள். அம்மா அதை அய்யாவிடம் சொன்னபோது அய்யா, “குடிச்சாளா? சரி, விடு” என்றார். அந்த ‘விடு’ எதற்கென்று இப்போது புரிகிறது. பிள்ளை ஏதோ கூப்பிடுகிறது, தங்கை ஏதோ குடிக்கிறாள், போகட்டும் என்று நினைத்திருக்கிறார். பாசத்தில் செய்த தப்புதான்.

கால் பங்கு அரைப் பங்காகவில்லை. குறைந்தது. சட்டை ஆணியிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. அத்தை தலை வாருவதை நிறுத்தினாள். அடுப்பு மூட்டுவதில்லை. பகலெல்லாம் கடலைப் பார்த்து உட்கார்ந்து, வரிசை எழும்பும் நேரத்தில் மட்டும் எழுந்து நின்றாள். சில நாள் தனக்குள் பேசிக்கொண்டிருப்பாள், நடுநடுவே பதில் கேட்பதுபோல் நிறுத்துவாள். நான் அந்தப் பக்கம் போகப் பயந்தேன்.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் உபதேசியார் குழிக்கு இடம் குறிக்க வந்தார். நல்ல மனிதர், எப்போதும் மூக்குப்பொடி வாசனை அடிக்கும். அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“சட்டையை எடுத்து வையிம்மா. செவ்வாக்கிழம சாமியாரு வந்துருவாரு.”

“பொதைக்க மாட்டேன்.”

“அப்புடிச் சொல்லக் கூடாதும்மா. மொறன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அத்தை என்னைக் காட்டினாள். “அந்தப் புள்ளயக் கேளுங்க. கூப்புட்டா ஏன்னு கேக்குற ஆள எப்புடிப் பொதைக்கிறது?”

உபதேசியார் என்னைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். அய்யா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்போது அத்தை ரொம்பச் சாதாரணமாக, சந்தைக்குப் போகிறவள் சொல்வதுபோலச் சொன்னாள்:

“அவரு வரமாட்டேங்குறாரு. அங்கன அந்த வழவழன்னு இருக்கு பாருங்க, அதத் தாண்டித்தான் நிக்கிறாரு. நான் போறேன்.”

அன்று இரவு எல்லோரும் முறை வைத்து அத்தையைப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் அய்யா வலைக்குத் தக்கை கட்டிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் தகரப் பெட்டி இருந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“அய்யா, அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம் அத்தைய வத்தையில கூட்டிட்டுப் போவோம்.”

“எதுக்கு?”

“அன்னைக்கு இழுப்பு பலமா இருக்கும். நாலு மணிக்கு நல்லாப் பலத்துருக்கும். அப்பக் கூப்புட்டா அடங்காது. நாலு தடவ கூப்புடுவேன், அடங்காது. அத்தை பாத்துரும். பெறகு சட்டையக் குடுத்துரும்.”

அய்யாவின் கை நின்றது. தக்கையைக் கீழே வைத்தார்.

“ஒனக்கு எப்பலருந்து தெரியும்?”

“ரொம்ப நாளா.”

அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் ஆறியிருக்கும். “ஒங்களுக்கு?” என்று நானும் கேட்டேன். எங்கள் வீட்டில் அய்யாவை அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. அவர் தக்கையை மறுபடி கையில் எடுத்து, “சரி, போவோம்” என்றார்.

அமாவாசைக்கு மறுநாள். அய்யா வலையை இறக்கினார். வத்தையை மூன்று முறை கழுவினார். அத்தை மடியில் சட்டையோடு நடுவில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே நான். சித்தப்பாவுக்கு விஷயம் தெரியாது. தண்டைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, பயப்படாத, நாங்க இருக்கோம்” என்று மூன்று தடவை சொன்னார். “ஒனக்குத்தாம்லே பயம்” என்றாள் அத்தை. பல வாரத்துக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேலியாகப் பேசியது அன்றுதான். சித்தப்பா சிரிக்கவில்லை.

நான் எதிர்பார்த்ததைவிட வரிசை பெரிதாக இருந்தது. தெற்குக் காற்று முகத்தில் அறைந்தது. தூண்களுக்குப் பின்னால் நுரை வால் இரண்டு வத்தை நீளம் இருக்கும். வரிசைக்கு எட்டத்தில், வழவழப்பின் நடுவிலேயே அய்யா நங்கூரக் கல்லைப் போட்டார். கயிறு வில் நாண் மாதிரி விறைத்தது. வத்தையின் இரு பக்கமும் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடியது. ஓடுகிறது என்பது மிதந்து போகும் பாசியைப் பார்த்தால்தான் தெரியும். எதிரே அவை நின்றன. தோளோடு தோள் நெருக்கி, தலையை ஆட்டி ஆட்டி. அந்த முணுமுணுப்பு இத்தனை கிட்டத்தில் வார்த்தை மாதிரியே கேட்டது. இன்னும் ஒரு அடி கிட்டப் போனால் புரிந்துவிடும் போலிருந்தது.

“கூப்புடு” என்றாள் அத்தை.

நான் எழுந்து நின்றேன். கையை நீட்டவில்லை. “மாமா” என்றேன். ஒன்றும் ஆகவில்லை.

“மாமா.”

ஒன்றும் ஆகவில்லை. ஒரு அலைகூட இடம் மாறவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். எதுவோ இறங்கத் தொடங்கியிருந்தது. என் கணக்கு சரி என்று எனக்குள் ஒரு துள்ளல். இந்த நேரத்திலும் எனக்கு அந்தத் துள்ளல் வந்தது, அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

“மாமா” என்று மூன்றாம் முறை கத்தினேன். உரக்கக் கத்தினேன். தோற்கப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவளின் தைரியத்தில் கத்தினேன்.

காற்று நின்றது.

முகத்தில் அறைந்துகொண்டிருந்தது பட்டென்று இல்லாமல் போனது. காது அடைத்த மாதிரி ஆனது. அத்தையின் நெற்றியில் பறந்துகொண்டிருந்த முடி கீழே விழுந்து ஒட்டியது. பிறகு என் பின்கழுத்தில் குளிர்ச்சியாக ஒன்று பட்டது. வடக்கிலிருந்து, எங்களுக்குப் பின்னாலிருந்து, ஈர மண் வாசனையோடு. அந்த வருஷத்தின் முதல் வாடை. தொடர்ந்து மழை, பெருந்துளிகளாக, நெருக்கமாக. கடலின் மேல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்தியது. வரிசையின் தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. மேற்குக் கோடியில் தொடங்கி, கோயிலில் முழந்தாள் படியிடும் கூட்டம்போல, இந்தப் பக்கம் வரை வந்து, கரைந்துபோயின. நுரை வால் அப்படியேதான் நீண்டிருந்தது. இழுப்பு குறையவே இல்லை. அலை மட்டும் இல்லை.

காற்று திரும்பி நீரோட்டத்தோடு ஒரே திசையில் ஓடினால் அலை நீண்டு தாழும். பெருமழை சிற்றலையை அமுக்கும். எனக்குத் தெரியும். இன்று தெரியும். அன்று நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுப்பு நின்றிருந்தது. சித்தப்பா தண்டை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தை எழுந்தாள். அவள் எழுந்ததில் வத்தை சாயவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். ஒரு காலை விளிம்பில் வைத்தாள். அய்யா நங்கூரக் கயிற்றைப் பிடித்திருந்தார். அதை விட்டால் நாங்கள் எல்லோரும் போவோம், விடாவிட்டால் அவளை எட்ட முடியாது. “தங்கச்சி” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அத்தை தண்ணீரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாள்:

“என்ன சொன்னாரு?”

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தேன். நுரை வாலை, வாய்ப்பாட்டை, எல்லாவற்றையும். அந்த நேரத்தில் அதைச் சொன்னால் அவள் நம்புவாளா? கூப்பிட்டேன், அடங்கியது. என் கணக்கெல்லாம் மழையில் கரைந்து கிடந்தது. அவள் கால் விளிம்பில் இருந்தது.

“வீட்டுக்குப் போகச் சொன்னாரு.”

“இன்னும்?”

“சட்டையக் குடுத்துரச் சொன்னாரு. குளிருதாம்.”

குளிர்கிறது என்று ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. எனக்குத்தான் குளிர்ந்தது.

அத்தை வெகு நேரம் அப்படியே நின்றாள். மழை அவள் முதுகெலும்பை எண்ணிக் காட்டியது. பிறகு காலை உள்ளே எடுத்தாள். உட்கார்ந்து, நனைந்த சட்டையை மடியில் வைத்து நீவினாள். முதன்முறையாக அதை மடித்தாள்.

“எனக்கும் அப்புடித்தான் கேட்டுச்சு ஆத்தா” என்றாள்.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்டதாக எழுதினால் நம் பயிற்சிப் பள்ளிக்கே அவமானம். மழைச் சத்தமும் கயிறு முனகும் சத்தமும் மட்டும்தான் கேட்டன. அத்தை பொய் சொன்னாளா, நம்பினாளா, என்னைக் காப்பாற்றினாளா என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் இப்போது தொண்டியில் எங்கள் பெரியப்பா வீட்டோடு நன்றாக இருக்கிறாள். மீன் காயப்போடும் இடத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். நான் விடுமுறைக்குப் போனால் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் கேட்பாள். கடலைப் பற்றி இரண்டு பேரும் பேச மாட்டோம்.

செவ்வாய்க்கிழமை குழி எடுத்தார்கள். வாடைக் காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. உபதேசியார் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், விரல் சுட்டதையும் பொறுத்துக்கொண்டு. அத்தைதான் குனிந்து சட்டையை வைத்தாள். அழுதது அய்யா. எல்லோருக்கும் முன்னால், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அவர் தங்கைக்காக அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு இப்போது அந்த ‘விடு’ நினைவுக்கு வருகிறது.

அன்று மாலை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அம்மா கஞ்சி ஊற்றினாள். கருவாடு சுட்டிருந்தாள். அத்தை எனக்குப் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்திருந்தாள். சட்டியைக் கையில் வாங்கினாள். நாங்கள் யாரும் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். அம்மாவின் அகப்பை பானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“உப்புப் பத்தல மதினி” என்றாள் அத்தை.